பலகை மேல் நின்று கத்தி பிடித்தவர்

செய்தி வந்தபோது நான் பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் நெத்திலி வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டைக் கூட்டும் தாயம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "யக்கா, டாக்டரம்மா போயிட்டாங்க. கிள்ளான்ல, தம்பி வீட்டுல. விடியும்போது மூச்சு நின்னுருச்சாம்" என்றாள். மீன்காரச் சீனர் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே நிற்கிறார். வாங்க எனக்குக் கை வரவில்லை.

உடனே அழுதேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். என் மகள் லூர்து காப்பாரிலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு வந்து வீட்டில் இருக்கிறாள். சின்ன வயதிலேயே இடுப்பெலும்பு கோணிப் போனவள். வயிற்றைத் திறந்துதான் பிள்ளையை எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இனி என் பிள்ளை வயிற்றில் யார் கத்தி வைப்பது? பாசாரில் நின்று நான் நினைத்தது அதைத்தான்.

டாக்டர் ஞானசுந்தரியை உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் மனைவி, மகள், தங்கை யாரையாவது அவர் காப்பாற்றிக் கொடுத்திருப்பார். ரயில்வே கிளார்க்கின் மகள், மதராசில் படித்தவர், சீமைக்குப் போய்க் கத்தி வேலை கற்று வந்தவர் என்பதெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் ஆபரேஷன் அறை ஆயா. இரண்டாம் வகுப்போடு நின்றவள். அந்த அறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவர் வேலைக்கு வந்த முதல் நாளே மேசை அவருக்கு எட்டவில்லை. ஆபரேஷன் மேசையை ஆஸ்பத்திரிக்குத் தலைவரான வெள்ளைக்காரப் பெரிய துரையின் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்கள், திருகு அப்படியே இறுகிக் கிடந்தது. டாக்டரம்மா துரையின் மார்பளவுதான் இருப்பார். எண்ணெய் போட்டு இறக்கலாமா என்று கேட்டார். மேசை இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் துரை போய்விட்டார். சிங்கப்பூரில் படித்துவிட்டு வேலை பழக வந்திருந்த சின்ன டாக்டர்கள் சுவரோரம் நின்று சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். "மேசையும் இறங்காது, நானும் இனிமே வளரமாட்டேன். மரியாயி, ஏதாச்சும் பலகை இருந்தா கொண்டு வா" என்றார்.

வெள்ளாவி அறையிலிருந்து ஒரு கட்டைப் பலகையைக் கொண்டு வந்து போட்டேன். ஏறி நின்றார். கழுவி விட்ட ஈரத் தரையில் பலகை வழுக்கியது. உள்ளே ஒரு பெண் வயிற்றில் கத்தி இருக்கும்போது இது நகர்ந்தால் என்ன ஆகும் என்று பயந்துபோனேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து அதுவே என் வேலையாகிவிட்டது.

"இன்னும் ரெண்டு பலகை போட்டா மேடம் கூரைக்கே ஆபரேஷன் பண்ணலாம்" என்றார் சின்ன டாக்டர்களில் ஒருவர்.

டாக்டரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கூரையில ஓட்டை இருந்தா சொல்லுங்க, தச்சு விடறேன். இப்ப அந்த இடுக்கியக் கொடுங்க தம்பி." அந்தத் தம்பிக்குத் தையல் போடச் சொல்லிக் கொடுத்ததும் பிறகு அவர்தான்.

கீழே உட்கார்ந்திருக்கிற எனக்கு வெட்டுவதும் தைப்பதும் தெரியாது. டாக்டரம்மாவின் கால்கள் மட்டும்தான் தெரியும். காப்பார் தோட்டத்துப் பெண் ஒருத்தியைப் பிள்ளை குறுக்கே மாட்டிக்கொண்டது என்று பாதி உயிராகக் கொண்டு வந்தார்கள். அன்றைக்கு அவர் கால்விரல்கள் பலகையைப் பறவை கிளையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தன. மேலே குரல் மட்டும் சாந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ரத்தம் என் கையிலேயே சொட்டியது. நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பிள்ளை அழுத சத்தம் வந்த பிறகுதான் அந்த விரல்கள் விட்டன.

வெளியே வந்து, "ரொம்பப் பயந்துட்டேன் மரியாயி" என்றார். நீங்களா அம்மா என்றேன். "பயமே இல்லாத டாக்டர்கிட்ட மட்டும் போயிராதே. முன்னால படுத்திருக்கிறது ஆளா கட்டையான்னு அவனுக்குத் தெரியாது" என்றார்.

ஆண் டாக்டர்களுக்கு உட்கார ஒரு அறை உண்டு. சாய்வு நாற்காலி, தேத்தண்ணி கொண்டு வர ஆள், எல்லாம் உண்டு. அங்கே பெண் போகக் கூடாது. டாக்டரம்மா துணி அடுக்குகிற அறையில் உடை மாற்றினார். கருவிகளைக் கொதிக்க வைக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ரொட்டியைக் கடித்தார். கல்யாணம் செய்தால் வேலை போய்விடும் என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். கிள்ளானில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அவருக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டினார். அந்த வாத்தியார் மனைவிக்குப் பிரசவம் பார்த்ததும் டாக்டரம்மாதான். அதைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒரு தடவை நல்ல காய்ச்சலோடு வந்து நின்றார். பாதம் கொதிக்கிறது, என் கைக்குத் தெரிகிறது. வீட்டுக்குப் போய்ப் படுங்கள் அம்மா என்று கெஞ்சினேன். "பெரிய தொரை காய்ச்சல்னு மலைக்குப் போய் இருந்துட்டு வந்தாரு. ஆம்பளைக்கு இந்த வேலை ஆகாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா? நான் ஒரு நாள் படுத்தாப் பொம்பளைக்கே ஆகாதும்பாங்க" என்றார். அன்றைக்கும் நின்றார்.

அதன் பிறகுதான் பாதம் வீங்க ஆரம்பித்தது. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவே கிடக்கும். விரலால் தொட்டால் குழி விழும், எழும்பாது. இப்படி வீங்கித்தான் என் வீட்டுக்காரரும் போனார். எனக்குத் தூக்கம் போயிற்று. கேட்டதற்கு, "கீழ பாத்ததக் கீழயே வச்சுக்க. மேல கொண்டு வராதே" என்று அதட்டினார். பிறகு அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கத்தி பிடிக்கிற பொம்பள நான் ஒருத்திதான்னு எல்லாரும் பெருமையாச் சொல்றாங்க. எனக்கு அதுதான் பயம். நான் விழுந்தா அந்தக் கதவையே சாத்திருவாங்க."

அதற்காகத்தான் சரோஜினியைப் பழக்கினார். சிங்கப்பூரில் டாக்டருக்குப் படித்து வந்த பெண், வாய் திறந்து பேசவே கூச்சப்படும். கத்தி பிடிக்கப் பெண் ஒருத்தி போதும், இன்னொருத்தி எதற்கு என்று துரை மறுத்துவிட்டார். உதவிக்கு என்று சொல்லிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தார். மேலே அவர் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கும். "அவசரப்படாத கண்ணு. கை போற எடத்துக்கு முன்னாடி கண்ணு போகணும்."

போன மழைக்காலத்தில் அது நடந்தது. சின்ன டாக்டர்கள் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். மேசையில் ஒரு பெண், கருப்பைக் கட்டி. பாதி ஆபரேஷனில் டாக்டரம்மாவின் முழங்கால் மடங்கியது. பலகை என் கையை மீறி நகர்ந்தது. நான் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் விழவில்லை. சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "என் கை இப்ப சரியில்ல. சரோஜினி, நீ முடி."

இறங்கித் தரையில் நின்றார். தரையில் நின்றால் அவருக்கு மேசை மேல் இருப்பது தெரியாது. "என்ன தெரியுது, சொல்லு" என்று கேட்டுக் கேட்டு நடத்தினார். சரோஜினி சொல்லிச் சொல்லித் தைத்து முடித்தாள். கட்டி போயிற்று, நோயாளி பிழைத்துக்கொண்டாள். நடந்த எல்லாவற்றையும் எல்லோரும் பார்த்தார்கள்.

வராந்தாவில் நான் அழுதுகொண்டு நிற்கிறேன். அவர் கேட்கிறார், "தையல் எப்படிப் போட்டிருக்கா பாத்தியா?"

"நான் கீழயில்ல உக்காந்திருந்தேன் அம்மா."

"அட, ஆமால்ல" என்று சிரித்தார். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

மறுநாளே துரை அவரை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார். பொம்பளை உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று ஆண் டாக்டர்கள் அறையில் பேச்சு. அவர் பயந்தபடியே சரோஜினியையும் மேசைக்கு விடவில்லை. நோயாளிகளே வந்து அவள்தான் வேண்டும் என்று கேட்டால் யோசிக்கலாம் என்றார் துரை. ஒருவரும் கேட்கவில்லை. செந்தூலிலிருந்து வந்த ஒரு பெண், ஆண் டாக்டர் முன்னால் படுக்கமாட்டேன் என்று வயிற்று வலியோடு எழுந்து போய்விட்டாள். அவள் என்ன ஆனாள் என்று தெரியாது.

லூர்துவைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினேன். டாக்டரம்மா கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுமாம். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "புள்ள நல்லா இருக்கு. சரோஜினி எடுத்துருவா" என்றார்.

"அது சின்னப் புள்ளைம்மா. நீங்க எந்திரிச்சு வந்திருவீங்க. இல்லாட்டி பெரிய தொரைகிட்டயே..." என்று இழுத்தேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "தொரை சொன்னாப் பரவால்ல. அவன் மேசை, அவன் ஆஸ்பத்திரி. நீயும் இதையே சொன்னா நான் எங்க போவேன்?" என்றார். பிறகு மகள் தலையைத் தடவி, "உங்கம்மாவுக்குப் பயம். பயப்படட்டும், தப்பில்ல. வாய மட்டும் மூடிக்கிட்டு இருக்க வேண்டாம்னு சொல்லு" என்றார். அவர் வாயிலிருந்து நான் கடைசியாகக் கேட்ட பேச்சு அதுதான்.

கிள்ளானில் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு துரையின் அறை வாசலில் போய் நின்றேன். இத்தனை வருஷமும் அந்த அறைக்குள் துடைக்கத்தான் போயிருக்கிறேன். என் மகளுக்குச் சரோஜினி டாக்டர்தான் வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். துரை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையும் என் மகளையும் பார்த்தார். "தாக்குட்?" என்று கேட்டார். பயமாக இல்லையா என்கிறார்.

"தாக்குட், துவான்" என்றேன். பயம்தான் துரை என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். போகவில்லை. ரொம்ப நேரம் கழித்துச் சரி என்று தலையாட்டினார்.

அடுத்த வாரம் லூர்துவுக்கு ஆபரேஷன். சரோஜினி டாக்டர் நேற்று வீட்டுக்கே வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் கையும் சில்லென்று இருந்தது. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மா எனக்குத் தைரியம் கொடுத்துவிட்டுப் போனார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். பயம் அப்படியே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே ஒரு வாசலில் போய் நின்று கேட்க முடிகிறது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

நான் ஒருத்தி கேட்டதோடு இது நின்றுவிட்டால், கிள்ளானில் நாம் குழிக்குள் இறக்கி வைத்தது அவரை மட்டும் இல்லை. உங்கள் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள். துரையின் அறை எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள். நான் கூட வருகிறேன்.