கழுவிக் கெடுத்த கருவாடு

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குள் மீன் வாசம்கூட நுழைந்ததில்லை. அப்படிப்பட்ட நான் கருவாட்டுக்காகச் சந்தை சந்தையாக அலைந்தேன். எல்லாம் என் ஆராய்ச்சி படுத்திய பாடு.

இறால் பதப்படுத்தும் கூடங்களின் கழிவுநீரில் உப்பு அதிகம். சாதாரண நுண்ணுயிர்கள் அதில் பிழைக்காது, தொட்டி நாறிக்கொண்டே கிடக்கும். உப்பு இருந்தால்தான் உயிர்வாழ்வேன் என்று அடம்பிடிக்கும் நுண்ணுயிர்களை விட்டால், அவை அந்தக் கழிவைத் தின்று தீர்க்கும். கருவாட்டில் சில சமயம் சிவப்பாகப் படர்வது அந்த இனம்தான். அதைப் பிரித்து வளர்ப்பது என் வேலை.

கருவாடு விற்ற தூத்துக்குடிக்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செவந்து போனத யாரு திம்பா? நல்லதா தாரேன்க்கா."

"எனக்குச் செவப்புதான் வேணும்."

"ஒங்க இஷ்டம்" என்று பொதிந்து கொடுத்தாள்.

மூன்று முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் காத்திருந்தும் வளர்ப்புத் தட்டில் ஒரு புள்ளிகூட வளரவில்லை. உப்பைத் திட்டினேன், அடைகாக்கும் பெட்டியைத் திட்டினேன், கருவாட்டுக்காரியையும் விடவில்லை. எங்கள் டீச்சர், என் ஆய்வு வழிகாட்டி, பாலக்காட்டுக்காரர். "இன்னும் ஒரு தடவை பாரு. வரல்லேன்னா தலைப்பை மாத்திடலாம்" என்றார். மாற்றினால் இரண்டு வருட உழைப்பு போய்விடும்.

நான்காம் முறை அவரே பக்கத்தில் வந்து நின்றார். நான் வழக்கம்போலக் கருவாட்டைக் குழாயடிக்குக் கொண்டுபோனேன்.

"என்னடி பண்றே?"

"அலம்பறேன் டீச்சர். நாத்தம் சகிக்கல்லே."

"மூணு தடவையும் அலம்பினியோ?"

"நன்னா ஊறப்போட்டு அலம்பினேன்."

அவர் குழாயை மூடினார். "உன் திட்ட அறிக்கையில மொதப் பக்கத்துல என்ன எழுதியிருக்கே?"

வெறும் தண்ணீர் பட்டால் இந்த உயிர்கள் உடைந்து இறந்துவிடும் என்று எழுதியிருந்தேன். என் சொந்த வாக்கியம். அவமானத்தில் காது சுட்டது.

மூக்கைப் பொத்திக்கொண்டு, கழுவாமல் வைத்தேன். பன்னிரண்டாம் நாள் தட்டில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். பிறகு ஆய்வேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, முதல் மூன்று முறை தோற்றதற்குக் காரணம் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"அலம்பினேன்னு எழுது" என்றார் டீச்சர். "ஏன்னு எழுத வேண்டாம்."