நான்காவது போல்ட்

பட்டறைத் தெருவில் அவருக்குப் பெயர் 'மூணுபோதும்'. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். பைக் மெக்கானிக். எந்த வண்டியைப் பிரித்தாலும், திரும்பப் பூட்டும்போது கையில் ஒரு போல்ட் குறையும். வண்டிக்காரர் முகம் சுளித்தால், "நாலு எதுக்குங்க? மூணு போதும், யானை ஏறினாலும் தாங்கும்" என்பார். முப்பது வருஷம் இப்படியே காலத்தை ஓட்டிவிட்டார் மனுஷன். அடுத்தவன் வண்டிக்குச் செய்த வேலையைத் தன் வண்டிக்கும் செய்தார், அதுதான் வினை.

கடையைச் சாத்தியதும் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வரை ஒரு சுற்றுப் போய்வருவது வழக்கம். அதை விட்டால் அந்த இரண்டு பேருக்கும் வேறு ஊர்சுற்றல் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், சீட்டு ஆடுகிறது என்று அவள் சொன்னாள். "ஏறும்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டது. இருந்த மூன்று போல்ட்டில் ஒன்று பிய்த்துக்கொள்ள, சீட்டு ஒரு பக்கமாகச் சரிந்து அவள் ரோட்டில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருந்தால் அவருக்கு ஆறியிருக்கும். அந்தப் புண்ணியவதி ஒரு சொல் சொல்லவில்லை. வண்டியில் மட்டும் அப்புறம் ஏறவேயில்லை.

அவளை மறுபடி பின்னால் உட்கார வைத்துவிட வேண்டும், அவருக்கு இருந்தது அந்த ஒரே ஆசை. அகலமாக, மெத்தென்று, முதுகுச் சாய்மானத்தோடு ஒரு புதுச் சீட்டு வரவழைத்தார். பெட்டி வந்த குஷியில், பழைய சீட்டு இனி அவள் கண்ணில் படவே கூடாதென்று கழற்றி, காயலான் கடை வண்டியில் தூக்கிப் போட்டுவிட்டார். பிறகுதான் பெட்டியைப் பிரித்தார். உள்ளே சீட்டு இருந்தது, ஒரு காகிதம் இருந்தது. 'பழைய சீட்டின் போல்ட், ரப்பர் புஷ், காலர்களையே பயன்படுத்தவும்.' அத்தனையும் பழைய சீட்டோடு போய்விட்டிருந்தன. தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். காயலான் கடைக்காரர் கையை விரித்தார், லோடு சற்று முன்னால்தான் கிளம்பிப் போனதாம்.

உதிரிபாகக் கடைகள் ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். போல்ட்டும் வாஷரும் கிடைத்தன. அதிர்வு தாங்குகிற ரப்பர் வளையமான புஷ், வேறொரு வண்டியுடையது அளவுக்குச் சரியாக வந்தது. காலர்தான் எங்கேயும் இல்லை. ரப்பருக்குள் நிற்கிற சின்ன இரும்புக் குழல் அது. அது இல்லாமல் முறுக்கினால் ரப்பர் நசுங்கும், நாலு நாளில் போல்ட் தளர்ந்துவிடும். கடைசியில் இரும்பு கடைகிற லேத்துக்காரரிடம் போய் நின்றார்.

"நாலு காலர் கடைஞ்சு குடுப்பா."

"நாலா! அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று லேத்துக்காரர் சிரித்தார்.

மூன்று கடைந்து முடித்தபோது கரன்ட் போய்விட்டது. "மூணு ஆச்சு, எடுத்துட்டுப் போங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

"நாலும் வேணும்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கரன்ட் வந்ததும் லேத்துக்காரர் முதல் வேலையாக நாலாவதைக் கடைந்து கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்தி அவளைக் கூப்பிட்டார். சீட்டுக்குக் கீழே டார்ச் அடித்துக் காட்டினார். அவள் குனிய முடியாமல் குனிந்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். "நாலும் இருக்கு." சீட்டைப் பிடித்து உலுக்கினாள். ஆடவில்லை.

"நல்லாப் பூட்டியிருக்கீங்க" என்றாள்.

வண்டியைக் கிளப்பினார். ஏறும்போது எப்போதும் செய்வதுபோல அவர் தோளில் கை வைத்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கை! அது தோளை இறுக்கிப் பிடித்தது, கால் மட்டும் தரையை விட்டு எழவில்லை. அவளுக்குத் தைரியம் சொல்லத்தான் வாயைத் திறந்தார், பாவி மனுஷன்.

"ஏறும்மா, ஒண்ணும் ஆகாது."

கை தோளை விட்டு விலகியது.

"அன்னைக்கும் இதையேதாங்க சொன்னீங்க" என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்தாவது கெஞ்சியிருப்பார். "எனக்கு முடியலைங்க. நீங்க போயிட்டு வாங்க."

சுவரைப் பிடித்தபடி உள்ளே போனாள்.

அவர் தனியாகவே ஏரிக்கரைப் பக்கம் போனார். அந்த வேகத்தடையில் வேகத்தைக் குறைக்கத் தோன்றவில்லை. வண்டி தூக்கிப்போட்டது. பின்சீட்டு இம்மியும் அசையவில்லை.