நீலப் பெட்டியும் பின்னறையும்

எங்கள் வீட்டுக்கு இணையம் வருவதற்கு முன்பே அதன் மோடத்தை வைக்கும் பெட்டி வந்துவிட்டது. மகன் செய்தது. அவன் ஓசூர் தொழிற்பேட்டையில், மின்சாரப் பேனல்களுக்கு இரும்புத் தகட்டில் கூடு செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்கள் தெருவில் லாரி போனால் ஜன்னலில் விரலால் எழுதலாம், அவ்வளவு தூசி. பக்கத்து வீட்டு மோடத்துக்குள் பல்லி புகுந்து அது கருகிப்போன கதையை வேறு நான் வீட்டில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். மிச்சத் தகட்டை அனுமதி கேட்டு வாங்கி, ஷிப்டு முடிந்தபின் இருந்து செய்திருக்கிறான். மெஷின்களுக்கு அடிக்கிற அதே நீல நிறம். காற்றுக்குப் பக்கத்துக்கு ஆறு கீறல், ஒயர் நுழைய ரப்பர் வளையம், அழுத்தினால் 'டக்' என்று மூடும் கதவு. பேரக்குழந்தை நாளைக்கு நடந்தால் கீறிவிடக் கூடாதென்று விளிம்பையெல்லாம் உள்பக்கமாக மடித்திருந்தான். கனெக்‌ஷன் வந்த அன்று மாலையே மோடத்தை அதற்குள் வைத்து ஹால் சுவரில் மாட்டிவிட்டான்.

எல்லாம் மருமகளுக்காக. அவளுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி கேட்டிருந்தாள். அந்த நாளில் அது யாரும் கேள்விப்படாத சலுகை. மேலதிகாரி ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். மீட்டிங் நடுவே லைன் அறுந்தால் ஆபீசுக்குத்தான் வர வேண்டும். ஆபீஸ் என்றால் விடிகாலையில் பஸ் பிடித்து, அத்திப்பள்ளி நெரிசலில் நின்று, குழந்தை தூங்கியபின் வீடு திரும்புவது. நாலு மாதக் குழந்தை, புட்டியைத் தொடாது. "அப்படின்னா வேலைய விட்டுர்றதுதான் அத்தை" என்று பீன்ஸ் நறுக்கியபடியே அவள் என் மனைவியிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

தூளி பின்னறையில் இருந்ததால் அவளும் அங்கேதான் உட்கார்ந்து வேலை பார்த்தாள். மீட்டிங்கில் இரண்டு வாக்கியம் பேசுவாள். பிறகு இங்கிலீஷில், "கேக்குதா? கேக்குதா?" என்பாள். பிறகு பேச்சு இருக்காது, லைன் போயிருக்கும்.

நான் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. லேப்டாப்பின் மூலையில் சிக்னலுக்கு ஐந்து கோடுகள் உண்டு. அதைக் கையில் ஏந்திக்கொண்டு வீடெல்லாம் நடந்தேன். ஹாலில் மூன்று, சமையலறை வாசலில் இரண்டு, பின்னறையில் ஒன்று, சில நேரம் அதுவும் இல்லை. எனக்குச் சுவர் மேல் சந்தேகம். பழைய சொந்தக்காரர் கிருஷ்ணகிரிக் கருங்கல்லில் கட்டிய வீடு. டெலிபோன் லைன்மேன் இரண்டு முறை வந்து சோதித்துவிட்டு, "லைன் நல்லாத்தான் இருக்குது சார். வீட்டத்தான் கோட்டை மாதிரி கட்டிக்கிறாங்க" என்று போனார். நடுச்சுவரில் ஓட்டை போட எவ்வளவு ஆகும் என்று நான் விசாரித்ததும், "அப்படியே கூரையையும் பிரிச்சுருங்க" என்றாள் மனைவி.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேல் பண்டிகை கிடையாது. மகன் தன் ஸ்பேனர்கள், அளவு பார்க்கும் வெர்னியர், அம்மாவின் அரிவாள்மணை எல்லாவற்றையும் துடைத்து ஹாலில் பலகை மேல் அடுக்கினான். லேப்டாப்பையும் கேட்டான்.

"எனக்கு மீட்டிங் இருக்குதுங்க" என்றாள் மருமகள். "அமெரிக்காவுல ஆயுத பூஜைன்னா யாருக்குத் தெரியும்?"

"சரி, அதுக்குப் பதிலா இது உக்காரட்டும்" என்று பெட்டியைத் திறந்து மோடத்தை ஒயரோடு எடுத்துப் பலகையில் வைத்தான். சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப்பூ. மோடத்தின் விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன.

அன்று மாலை பின்னறையிலிருந்து பேச்சு வந்துகொண்டே இருந்தது. எங்கே அறும் என்று காத்திருந்தேன். அறவில்லை. எட்டிப் பார்த்தேன். நாலு கோடு. பேசி முடித்து ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கியவள், "பாத்தீங்களா மாமா?" என்றாள். இரண்டு பேருமே ஹாலில் கதவு திறந்து காலியாக நின்ற நீலப் பெட்டியைப் பார்த்தோம்.

"அவர்கிட்ட சொல்லாதீங்க மாமா."

"ஏம்மா?"

"எனக்காக எவ்ளோ மெனக்கெட்டுச் செஞ்சிக்கிறாரு. நான் பொட்டிக் கதவத் தொறந்து வச்சி சமாளிச்சிக்கிறேன்."

"சமாளிக்க முடியலன்னா?"

அவள் தூளியை ஆட்டினாள்.

மறுநாள் காலை, பூஜையிலிருந்து எல்லாம் எடுத்த பிறகு, மகன் குங்குமத்தைத் துடைத்து மோடத்தைப் பெட்டிக்குள் வைத்தான். நான் லேப்டாப்போடு பக்கத்தில் போய் நின்றேன். மனசு நோகாமல் சொல்ல நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"கதவச் சாத்து" என்றேன். சாத்தினான். "மூணு. இப்பத் திற. நாலு. வெளிய எடு. அஞ்சு."

அவன் லேப்டாப்பை வாங்கித் தானே ஒரு முறை செய்து பார்த்தான். மடித்த விளிம்பை விரலால் தடவினான். பிறகு தரையில் உட்கார்ந்து மெல்லச் சிரித்தான்.

"அப்பா, கம்பெனில கஸ்டமர் என்ன கேப்பான் தெரியுமா? வெளியில உள்ள சிக்னல், நாய்ஸ் எதுவும் தகட்டத் தாண்டி உள்ள போகக் கூடாது, உள்ள உள்ளது வெளிய வரக் கூடாதும்பான். அதுக்குத்தான் பொட்டி பண்றோம். தினம் அதத்தான் செக் பண்றேன். வீட்டுலயும் ஒழுங்கா பண்ணிருக்கேன் பாருங்க."

"பொட்டி பாஸுதாங்க" என்றாள் மருமகள், குழந்தையோடு வாசலில் நின்று.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து."

"சொன்னா என்னவாம்?"

"கலர் நல்லாருக்குதே, போவட்டும்னு விட்டேன்."

"கல்லு செவுத்த இடிக்க உங்கப்பா ஆள் பாத்தாரே, அவர விட்டுட்டு இவள ஏண்டா கேக்கிற?" என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து.

அன்றைக்கே அவன் பெட்டியைக் கழற்றி, பின்னறைக்கு நேரான நடையில், தலைக்கு மேல் உயரத்தில் மாட்டினான். ஒயரை அதுவரை நீட்டி, மோடத்தைப் பெட்டியின் தலைமேல் வைத்து அதன் இரண்டு ஆன்டெனாக் கொம்புகளையும் நிமிர்த்தினான். உள்ளே குழந்தையின் சொட்டு மருந்தும் தைலமும் போயின. அந்தக் கதவுக்குள் எறும்பு நுழைந்ததில்லை.

மாதம் முடிந்த அன்று அவள் பின்னறையிலிருந்து வந்து, "வீட்லயே பாக்கச் சொல்லிட்டாங்க" என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

என் கவலை மட்டும் தீரவில்லை. மோடம் இப்போது பெட்டிக்கு வெளியில் அல்லவா இருக்கிறது. நடையின் மேற்சுவரில் மூன்று பல்லிகள். அவள் மீட்டிங்கில் இருக்கும்போது நான் விளக்குமாற்றோடு கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். வானம் இருண்டால், இடியில் மோடம் கருகிவிடுமோ என்று கை தானாக அதன் சுவிட்சுக்குப் போகும்.

"கை வைக்காதீங்க மாமா, பேசிக்கிட்டு இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கையை எடுத்துவிடுவேன்.