பத்தாவது கேள்விக்கு மார்க் கிடையாது

விடைத்தாள் திருத்துகிற வேலையில் முதலில் கெடுவது கண், அடுத்தது கையெழுத்து, கடைசியில் மனுஷர்மேல் உள்ள நம்பிக்கை. கட்டுக்கட்டாகத் தாள் திருத்தி முதுகு பிடித்துப் படுத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் மேலே விளக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் திருத்தியது கணக்குத் தாளாகவோ பூகோளத் தாளாகவோ இருந்திருக்கும். நான் திருத்தியது மோட்சத்துக்குப் போகிற பாடத்தின் தாள்.

தொண்ணூறுகளின் நடுவில், பி.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்குக் கோவில்பட்டியில் ஒரு மாடி அறையில் வேலை கிடைத்தது. தபால் வழி வேதபாட ஆபீஸ். கேட்டு எழுதுகிறவர்களுக்குப் பாடப் புத்தகம் அனுப்புவோம். படித்துவிட்டுக் கடைசிப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதித் திருப்பி அனுப்புவார்கள். நான் சிவப்பு மையில் திருத்தி, அடுத்த பாடத்தோடு சேர்த்து அனுப்புவேன். பன்னிரண்டு பாடமும் முடித்தால் சான்றிதழ். ஆபீஸில் மூன்றே பேர்: பொறுப்பாளர் தர்மராஜ் ஐயா, கவர் ஒட்டி விலாசம் எழுதுகிற எஸ்தர் அக்கா, நான்.

ஒவ்வொரு பாடத்திலும் பத்துக் கேள்விகள். பத்தாவது மட்டும் எல்லாப் பாடத்துக்கும் ஒன்றுதான். ‘உங்கள் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற நிச்சயம் உங்களுக்கு உண்டா?’ பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அதற்கு மார்க் கிடையாது. வம்பில் பாதி அதிலிருந்துதான் வந்தது.

இரண்டு டிக்

கயத்தாற்றில் லாரிகள் நிற்கிற இடத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த ஒருவர் மூன்று பாடம் வரை ஒழுங்காக எழுதினார். நாலாவது பாடத்தில் பத்தாவது கேள்விக்கு ஆம், இல்லை இரண்டு கட்டத்திலும் டிக் போட்டு அனுப்பிவிட்டார். கை தவறிவிட்டதாக நினைத்து, ‘ஏதாவது ஒன்றுக்கு மட்டும் குறியிடவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அடுத்த தடவையும் இரண்டு டிக். இம்முறை பேனாவை அழுத்திப் போட்டிருந்தார்.

தாளின் பின்பக்கத்தில் கிரீஸ் கறையோடு நாலு வரி எழுதியிருந்தது. அதை அப்படியே தருகிறேன்: “டீச்சர், காலையில வீட்ல வச்சு ஜெபம் பண்ணிட்டு எழுதினப்ப உண்டு. மத்தியானம் கடையில ஒரு டிரைவரோட சண்டை போட்டுட்டு எழுதினப்ப இல்ல. ரெண்டும் உண்மைதான், எது எனக்குப் பொருந்தும்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

கிருபை என்றால் யார்?

ஐந்தாம் பாடத்தில் ‘கிருபை என்றால் என்ன?’ என்று ஒரு கேள்வி உண்டு. ‘தகுதியில்லாதவர்களுக்குத் தேவன் காட்டும் தயவு’ என்று எழுத வேண்டும். பாடத்தில் அந்த வரியைத் தடித்த எழுத்தில் அச்சடித்தே கொடுத்திருப்போம். எடுத்து எழுதினால் போதும்.

புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற யூனிட்டில் வேலை பார்த்த ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: ‘கிருபை எங்கள் யூனிட்டில் காலர் தைக்கும் அக்கா. நான் துணியைக் கெடுத்துவிட்டால் முதலாளியிடம் சொல்லாமல், தன் மிஷினை நிறுத்திவிட்டு, பிரித்துத் தைத்துத் தருவார்கள். நான் அவர்களுக்கு ஒரு உதவியும் செய்தது இல்லை.’ எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெரிய சிவப்புப் பெருக்கல் குறி போட்டுவிட்டு, எல்லாரும் சிரிக்கட்டும் என்று சத்தமாக வாசித்தேன். எஸ்தர் அக்கா சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. தாளை வாங்கி இரண்டு தரம் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தப் பெருக்கல் குறியை அடிச்சிட்டு முழு மார்க் போடும்மா. முப்பது வருஷமா பிரசங்கம் பண்ணுதேன், இவ்வளவு தெளிவா நான் சொன்னதில்ல.”

பயந்தது யார்?

பசுவந்தனைப் பக்கத்திலிருந்து சுடலைமுத்து என்று ஒருவர் ஆபீஸுக்கே வந்தார். நூறு ஆடுகளுக்கு மேல் மேய்க்கிறவர். அவருடைய மகள்தான் எங்களிடம் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். காணாமல் போன ஆட்டைப் பற்றிய பாடத்தை அவள் வீட்டில் வாசித்திருக்கிறாள். இவருக்குக் கோபம். ஆட்டுக்கு மருந்து வாங்க டவுனுக்கு வந்தவர், மருந்துப் பையோடு மாடி ஏறிவிட்டார். “தொண்ணூத்தொம்பதை அத்துவானக் காட்டுல விட்டுட்டு ஒண்ணைத் தேடிப் போவான்னு போட்டிருக்கிய. இதை எழுதினவரு ஆடு மேய்ச்சிருக்காரா? ஒண்ணைத் தேடிட்டு வாரதுக்குள்ள இங்கன பத்தை நாய் கடிச்சிரும்” என்றார். ஐயா அவருக்கு மோர் வாங்கிக் கொடுத்தாரே தவிர, வாதாடவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை சத்தமில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். ஒரு சினையாட்டைக் காணவில்லையாம். மந்தையை அப்படியே ஓடைக்கரையில் விட்டுவிட்டு, வெயிலில் மூன்று ஊர் தாண்டிப் போய்த் தேடிப் பிடித்திருக்கிறார். “போகணும்னு யோசிக்கல சார். கால் போயிட்டு” என்றார்.

எஸ்தர் அக்காவுக்கு அந்த ஆட்டின்மேல் இரக்கம் வந்துவிட்டது. “பாவம், எங்கன நின்னு பயந்து கத்திக்கிட்டிருந்துச்சோ?” என்று கேட்டார்கள். சுடலைமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

“அது எங்க பயந்துச்சு? எவனோ ஒருத்தன் தோட்டத்துப் பருத்தியைக் கடிச்சுக்கிட்டு நிம்மதியா நின்னுச்சு. பயந்தது பூராவும் நான்தான்.”

பென்சில்

ஊருக்கெல்லாம் பாடம் அனுப்புகிற நாம் படிக்க வேண்டாமா என்று ஐயா ஒருநாள் எங்களையும் எழுதச் சொன்னார். நான் எழுதினேன். என் தாளைத் திருத்தியது எஸ்தர் அக்கா. அஞ்சாங் கிளாஸ் வரை படித்தவர்கள். ஒன்பது கேள்விக்கும் முழு மார்க் போட்டுவிட்டு, பத்தாவதில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டிருந்தேன்.

மாட்டிக்கொண்டேன். நூற்றுக்கணக்கான பேரிடம் கேட்ட கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. ஆம் என்று போட்டால் கர்வம் மாதிரி இருக்கும், நான் ஒன்றும் அவ்வளவு நல்லவள் இல்லை என்று இழுத்தேன். “ஏட்டி, நீ நல்லவளான்னு அங்கன கேக்கலயே. மன்னிப்பேன்னு சொன்னவரு சொன்னபடி செய்வாரான்னுதான கேட்டிருக்கு. அவரு செய்வாரா மாட்டாரா?” என்றார்கள். செய்வார் என்றேன். தாளை என் பக்கம் தள்ளினார்கள். மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்து ஆம் என்ற கட்டத்தில் மெல்ல ஒரு டிக் போட்டேன்.

“பேனாவால போடு. இதைப் பொறவு அழிக்கவா போறே?”

பாஸ்

சான்றிதழை நேரில் வாங்க வந்தவர்களில் ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டரை மறக்க முடியாது. தேய்த்த வேட்டி சட்டையில் வந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு மேஜைமேல் குனிந்து, ரகசியம் கேட்பதுபோல, “இது டிக்கெட்டா, பாஸா?” என்றார். ஐயா சிரித்துக்கொண்டே, இது வெறும் காகிதம், ஆனால் மோட்சத்துக்குப் போவதைக் கேட்கிறீர்கள் என்றால் அது பாஸ்தான், நாம் ஒரு பைசா கொடுக்கவில்லை, கொடுத்தவர் வேறு ஆள் என்றார்.

கண்டக்டர் வெகுநேரம் தலையை ஆட்டினார். முப்பது வருஷமாகப் பாஸ்காரர்களைப் பார்த்துச் சலித்தவர் அவர். “பாஸுன்னா சரி. ஆனா ஒண்ணு, பாஸ்ல வாரவன் சன்னலோரம்தான் வேணும்னு சண்டை போடக் கூடாது. அதை மட்டும் பாடத்துல சேத்துருங்க.”

காப்பி

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ராஜாத்தி, மாரியம்மாள் என்று இரண்டு பெண்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தீக்குச்சி அடுக்குகிறவர்கள். ஆறாம் பாடத்தில்தான் கவனித்தேன்: இரண்டு தாளிலும் ஒரே கையெழுத்து, ஒரே பதில், ஒரே எழுத்துப் பிழை. முதலில் சேர்ந்தது ராஜாத்தி என்பதால் காப்பி மற்றவருடையது என்று முடிவுகட்டி, மாரியம்மாள் தாளில், ‘காப்பி அடிப்பதும் பாவம்தான். இப்படிச் செய்கிறவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது’ என்று சிவப்பு மையில் எழுதினேன். அதோடு விட்டேனா? பத்தாவது கேள்விக்கு அவர் ஆம் என்று போட்டிருந்த டிக்குக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். அதைப் போட எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ராஜாத்தியின் தாள் மட்டும் வந்தது. மூன்றாவது மாதம் தாளோடு ஒரு கடிதமும் இருந்தது. மாரியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ராஜாத்தி வாசித்துக் காட்டி, வேலை பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் பேசி முடிவு செய்த பதிலைத்தான் இரண்டு தாளிலும் எழுதினாளாம். ‘அந்தக் கேள்விக்குறி என்னன்னு கேட்டாள். சொன்னேன். தனக்கு மன்னிப்பு கிடையாது போல என்று நினைத்துவிட்டாள். இப்போது பாடம் கேட்க உட்கார மாட்டேன் என்கிறாள்’ என்று எழுதியிருந்தது. கடிதத்தை ஐயாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “தபால்ல மன்னிப்புக் கேட்டா அதையும் ராஜாத்திதான் வாசிக்கணும். நீயே போயிட்டு வா” என்றார்.

எஸ்தர் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் மண் செருப்போடு அப்பிக்கொண்டு வந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். பஸ்ஸில் வரும்போதே என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்திருந்தேன். எனக்கு வேலை அதிகம், தாள்கள் நிறைய, கையெழுத்து ஒரே மாதிரி இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரும் என்று மூன்று காரணம் வைத்திருந்தேன். மாரியம்மாள் நாற்பது வயதுக்காரர். முற்றத்தில் வந்து நின்ற எங்களைப் பார்த்ததும், யார் எவர் என்று கேட்காமல், ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து கால் கழுவ ஊற்றினார். அவர் குனிந்து நிற்க, மூன்று காரணமும் மறந்துபோயிற்று.

“நான்தான்க்கா அந்தச் சிவப்பு மையில எழுதினவ. விசாரிக்காம எழுதிட்டேன். தப்பு என் பேர்ல” என்றேன். அழுகையும் வந்துவிட்டது. மாரியம்மாள் குடத்தைக் கீழே வைத்தார்.

“அப்ப அந்தக் கேள்விக்குறி செல்லாதா?”

“செல்லாதுக்கா.”

“நீங்க போட்டதுதானா? ஆண்டவரு போடச் சொன்னது இல்லயா?”

“இல்ல. நானாப் போட்டது.”

“அப்ப மன்னிப்பு இருக்கு?”

“இருக்கு.”

முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு வெளிச்சம் மெல்ல ஏறியது. மூன்று மாதமாக அது இல்லை என்று பிறகு ராஜாத்தி சொன்னாள். என் தலையைத் தொட்டு, ஒரு பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

“இருக்குன்னா உங்களுக்கும்தான் இருக்கு. அழாம உள்ள வாங்க தாயி, காப்பி போடுதேன்.”

ஏழு வருஷம் அந்த மாடி அறையில் உட்கார்ந்து, மார்க்கே இல்லாமல் கிடைக்கிற ஒன்றைப் பற்றி மார்க் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால், எல்லாரையும்விட மெதுவாகப் பாடம் படித்தது திருத்தினவள்தான் என்று தோன்றுகிறது.