கேப்டன் கன்ட்ரோலும் சிரிக்காத ரெப்பும்

1. மதுரை ஹாலில்

புது மாத்திரை ஒன்றை அறிமுகப்படுத்துவதற்காக எங்களையெல்லாம் மதுரையில் ஒரு ஓட்டலுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். நான் அப்போது தென்காசி, குற்றாலம், ஆய்க்குடி, அச்சன்புதூர் பக்கம் பார்க்கும் மெடிக்கல் ரெப். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான். வேலை நிரந்தரம் என்ற கன்ஃபர்மேஷன் இன்னும் வரவில்லை. மகள் யாழினிக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது.

அடிக்கடி ஒண்ணுக்கு வந்து அடக்க முடியாமல் தவிப்பவர்களுக்கான மாத்திரை அது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்பதால் டி.வி.யிலோ சுவரிலோ விளம்பரம் செய்ய முடியாது. விளம்பரம் எல்லாம் டாக்டர் மேஜை வரைக்கும்தான். அந்த மேஜையைப் பிடிக்க மும்பை ஆபீசில் யாரோ ராத்திரி பகலாக யோசித்திருக்கிறார்கள்.

விளக்கை அணைத்தார்கள். ராணுவ பேண்டு வாத்தியம் ஒலித்தது. திரை விலகியதும் ஆளுயரத்தில் ஒரு மஞ்சள் சிறுநீர்ப்பை வந்து நின்றது. தலையில் கப்பல் கேப்டன் தொப்பி. இரண்டு முழங்காலும் ஒட்டியிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு எங்களுக்கு சல்யூட் அடித்தது. பெயர் கேப்டன் கன்ட்ரோல்.

ஹாலே சிரித்தது. பக்கத்தில் இருந்த திருநெல்வேலி ரெப் கண்ணீர் விட்டுச் சிரித்தார். நான் மட்டும் கால் மேல் கால் போட்டு, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, மகளின் தடுப்பூசி அட்டையில் எந்தெந்த ஊசி பாக்கி என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

காரணம் உண்டு. யாழினி பிறந்ததிலிருந்து எனக்கு இருமினால் கசியும். தும்மினால் கசியும். எல்லாவற்றையும்விட சிரித்தால் கசியும். யாரிடமும் சொல்லவில்லை. போலீஸ் வேலையில் இருக்கும் என் கணவரிடமும் சொல்லவில்லை. அவர் ஏதாவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். எங்கள் வீட்டில் எப்போதும் அடுப்பில் பால் இருக்கும்.

ஏரியா மேனேஜர் மைக்கில் என்னைக் காட்டினார். "இந்தா பாருங்கப்பா தென்காசி மேடத்த. சிரிச்சாங்களா? ஒருத்தராச்சும் சீரியஸா எடுத்துருக்காங்கள்ல. இதுதான் கமிட்மென்ட். குத்தாலம் லாஞ்ச் மீட்டிங் இவங்க பொறுப்பு."

கை தட்டினார்கள். எழுந்து வணக்கம் சொன்னேன். மெதுவாகத்தான் எழுந்தேன்.

2. யாரிடம் போவது

படித்தவள்தானே, டாக்டரிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். தென்காசியில் எந்த டாக்டரிடம் போவது? எல்லாரும் நான் முறைவைத்துப் போய்ப் பார்க்கும் டாக்டர்கள், என் கால் லிஸ்டில் இருப்பவர்கள். காலையில் இந்த மேஜையில் நோயைப் பற்றிப் படம் காட்டிப் பேசிவிட்டு, மாலையில் அதே மேஜையில் எனக்கும் அதுதான் என்று எப்படிச் சொல்வது? திருநெல்வேலிக்குப் போகலாம் என்றால் அங்கே ஒவ்வொரு வாசலிலும் எனக்குத் தெரிந்த ரெப் பையோடு நிற்பார்.

மாத்திரை என் பையிலேயே இருந்தது. ஆனால் அவசரமாக முட்டிக்கொண்டு வருவது ஒரு வகை, இருமும்போதும் சிரிக்கும்போதும் கசிவது வேறு வகை. எங்கள் மாத்திரை முதல் வகைக்கு. என்னுடையது இரண்டாவது. டிரெயினிங் புத்தகத்தில் இது தெளிவாக இருந்தது. ஒருவேளை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் அதேதான் இருந்தது. போதாததற்குப் பக்கவிளைவுகளில் முதலாவது, வாய் உலர்தல். ரெப்புக்கு வாய் உலர்ந்தால் பிழைப்பு என்னாவது?

டாக்டர் மேஜையில் வைக்கக் கம்பெனி கொடுத்த சின்ன கேப்டன் பொம்மை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, யாழினி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் பாத்ரூம் பழக்கிக்கொண்டிருந்தோம்.

"அம்மா, இவனுக்கு ஒண்ணுக்கு வருது. கூட்டிட்டுப் போ."

அவள் ஒரே மாதத்தில் பழகிவிட்டாள். எனக்குத்தான் பொறாமையாக இருந்தது.

3. காலில் ஒட்டிய பிளாஸ்திரி

டாக்டர்களுக்குப் பரிசு கொடுக்கக் கூடாது. அதனால் பொம்மை டப்பாவின் மேல் 'கல்வி உபகரணம்' என்று அச்சடித்திருந்தார்கள். அமுக்கினால் கண் இரண்டும் வெளியே பிதுங்கி 'கீ' என்று கத்தும். அதில் என்ன கல்வி என்று யாரும் கேட்கவில்லை.

தேரடிப் பக்கம் ஒரு மகப்பேறு டாக்டரம்மா. ஐம்பதைத் தாண்டியவர். எந்த ரெப்பையும் நின்றபடியே பேசச்சொல்லி இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார். நான் பொம்மையை மேஜையில் வைத்தேன்.

"இது என்னம்மா, கொழுக்கட்டைக்குக் கால் முளைச்சிருக்கு?"

"சிறுநீர்ப்பை, டாக்டர். கேப்டன் கன்ட்ரோல்."

"கேப்டனா? இவனே அடக்க மாட்டாம நிக்கான். இவன் யாரை கன்ட்ரோல் பண்ணப்போறான்?" என்று ஓர் அமுக்கு அமுக்கினார். அது கத்தியது. வாசலில் நின்ற நர்ஸ் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். நான் உதட்டை ஒருமுறை கடித்துவிட்டு, மருந்துப் படங்கள் உள்ள விஷுவல் எய்டின் மூன்றாம் பக்கத்தைக் கடகடவென்று ஒப்பித்தேன்.

டாக்டரம்மா பொம்மையின் பாதத்தைப் பார்த்தார். அங்கே மாத்திரையின் பெயர் இருந்தது. டிராயரிலிருந்து பிளாஸ்திரியை எடுத்துக் கிழித்து அதன்மேல் ஒட்டினார். "ஆளு இருக்கட்டும். கடைப் பேரு வேண்டாம்."

அடுத்த மாதம் ஜாயின்ட் ஒர்க்குக்கு மேனேஜரும் கூட வந்தார். பொம்மை அங்கேயே இருந்தது, பிளாஸ்திரியோடு. மேனேஜர் முகம் சுண்டிவிட்டது.

"டாக்டர் மேடம், பிராண்ட் நேமே தெரியலையே."

"தெரியாண்டாம் சார். ஆனா உங்க ஆளு நல்ல வேலை பாக்கான். வாயே தொறக்காதவளுவ எல்லாம் இவனைக் கைகாட்டுதாளுவ. நேத்து பீடி சுத்துத அம்மா ஒருத்தி, எத்தனையோ வருசமா புருசன்கிட்டகூட சொல்லலையாம். இவனைக் காட்டி, இந்தப் பய மாதிரிதாம்மா நானும் நிக்கேன்னு சொல்லுதா."

"அப்ப நம்ம மாத்திரை?"

"தேவைப்பட்டவளுக்கு எழுதுதேன். பாதிப் பேருக்குப் பயிற்சியே போதும்."

வெளியே வந்ததும் மேனேஜர் பெருமூச்சு விட்டார். "பொம்மைய வச்சுக்கிட்டு மாத்திரைய விட்டுட்டாங்களேம்மா." எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. என்மேல்தான் அதிகப் பரிதாபம். பீடி சுற்றும் அந்த அம்மாவுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை.

4. குற்றாலம்

சீசன் நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை, குற்றாலத்தில் ஒரு ரிசார்ட் ஹாலில் டாக்டர்களுக்கான லாஞ்ச் மீட்டிங். தூரத்தில் அருவி தெரியவேண்டும் என்று கண்ணாடிச் சுவர் உள்ள ஹாலாக மேனேஜரே பார்த்துப் பிடித்திருந்தார். மேடை அந்தச் சுவரை ஒட்டி. கேப்டன் மேடையேறி நின்ற பிறகுதான் எல்லாருக்கும் விஷயம் தெரிந்தது. முன்னால் முழங்காலை ஒட்டிக்கொண்டு சிறுநீர்ப்பை. பின்னால் அருவி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது.

முன்வரிசையில் ஒரு டாக்டர், "யோவ், அவனை அந்தப் பக்கம் பாக்க விடாதீங்கய்யா" என்றார். ஹால் அதிர்ந்தது. நான் தடுப்பூசி அட்டையை முடித்து ரேஷன் கார்டுக்குப் போயிருந்தேன்.

காற்றடைத்த அந்த உடைக்குள் இருந்தவர் ஆய்க்குடி செல்லத்துரை. பிறந்தநாள் வீடுகளில் கரடி வேஷம் கட்டுபவர். சாரல் குளிருக்கு இதமாக மூன்று கிளாஸ் சுக்குக் காப்பி குடித்துவிட்டு உள்ளே நுழைந்திருக்கிறார். ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தபோது கேப்டன் மேடையில் ஒரு காலில் குதிக்க ஆரம்பித்தார். அப்புறம் மறுகாலில். பிறகு சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஆஹா, என்னா ஆக்டிங்" என்று மேனேஜர் என் காதில் சொன்னார். டாக்டர்கள் கைதட்டினார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். குதித்தபடியே கேப்டன் என் பக்கம் வந்து குனிந்தார்.

"யக்கா, இது ஆக்டிங் இல்லக்கா. ஜிப்பைத் தொறங்க. முட்டிட்டு."

அவரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஜிப் முதுகில். சாரலில் துணி நனைந்து ஜிப்பின் பல்லில் சிக்கிக்கொண்டது. அப்படியே பாத்ரூமுக்குள் போங்கள் என்றால் வாசலுக்குள் உடம்பு நுழையவில்லை. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். சிறுநீர்ப்பைக்குப் பக்கவாட்டு என்று ஒன்று கிடையாது.

"யக்கா, பின்னால தண்ணி சத்தம் வேற கேக்குக்கா."

நான் ஜிப்பை இழுத்தேன். அசையவில்லை. தப்பான பக்கம் இழுக்கிறேனோ என்று மறுபக்கம் இழுத்தேன். இன்னும் இறுகியது. "தள்ளு" என்று பின்னால் ஒரு குரல். டாக்டரம்மா. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கொண்டை ஊசி ஒன்றை உருவி, துணியைப் பல்லிலிருந்து விலக்கி, ஒரே இழுப்பு.

"தலை வந்துட்டு. இனி தோளு. ம், மெதுவா. வா, வா."

பிரசவ வார்டில் பேசும் அதே குரல். செல்லத்துரை வெளியே விழுந்து, எழுந்து, பாத்ரூமுக்குள் ஓடினார். கதவு சாத்தும் முன்பே அவர் விட்ட பெருமூச்சு வராந்தா முழுக்கக் கேட்டது.

டாக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி, துப்பட்டாவை வாயில் திணித்து, ரேஷன் கார்டில் எத்தனை பேர் என்று எண்ணினேன். மூன்று பேர்தான். உடனே முடிந்துவிட்டது.

சிரிப்பு நின்றது. அவர் என்னையே பார்ப்பது தெரிந்தது.

"ஏட்டி, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். அன்னைக்கு கிளினிக்ல நர்ஸ் சிரிக்கா, நீ சிரிக்கல. இன்னைக்கு ஊரே சிரிக்கு, நீ சிரிக்க மாட்டக்க. உனக்கு என்ன செய்யுது?"

அதுவரை என்னை அவர் உரிமையோடு 'ஏட்டி' என்று கூப்பிட்டதில்லை. அந்த நோயின் பெயரை, வகைகளை, இங்கிலீஷிலும் தமிழிலும் நான் எத்தனையோ டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. தரையில் காற்றுப் போய்க் கிடந்த கேப்டன் கன்ட்ரோலைக் கைகாட்டினேன்.

அவர் அந்த உடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இருமுனா வருதா, இல்ல திடீர்னு முட்டுதா?"

"இருமுனா. தும்முனா. சிரிச்சா."

"அப்ப உன் மாத்திரை உனக்கு ஆகாதே."

"தெரியும் டாக்டர். நல்லா படிச்சுப் பாத்துட்டேன்."

அதற்கும் அவர் சிரித்தார். "நாளைக்கு வா. ரெப்பா வராத. டோக்கன் எடுத்துட்டு வரிசையில உக்காரு."

5. டோக்கன்

நோயாளிகள் எல்லாரும் போன பிறகுதான் ரெப்பை உள்ளே விடுவார்கள். அது எங்கள் தொழிலின் வழக்கம். மறுநாள் நான் டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவரோரம் நின்ற வேறு கம்பெனி ரெப், "என்ன மேடம், பை இல்லாம?" என்றார். பதில் தயாரித்து வைத்திருந்தேன். மறந்துவிட்டது. "உடம்பு சரியில்ல சார்" என்றேன். அவர் "பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு செல்போனைப் பார்க்கத் தொடங்கினார். இதற்காகவா இவ்வளவு நாள் பயந்தேன் என்று இருந்தது.

பரிசோதித்துவிட்டு, மாத்திரை எதுவும் எழுதாமல், இடுப்புத் தசைக்கான பயிற்சி சொல்லிக்கொடுத்தார் டாக்டரம்மா. தசையை இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்த்தவேண்டும். நின்றபடியே செய்யலாம், வெளியே தெரியாது. ரெப்புக்கு வேறு எது குறைந்தாலும் காத்திருக்கும் நேரம் குறையாது. தென்காசியில் உள்ள அத்தனை கிளினிக் வாசலிலும் பயிற்சி செய்தேன். சரியாகச் செய்கிறேனா என்ற சந்தேகம் மட்டும் கடைசி வரை தீரவில்லை. டோக்கன் எடுத்த அன்று ராத்திரியே கணவரிடமும் சொன்னேன். அவர் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப அடுப்புல பாலே இல்லையாட்டி?" என்றார்.

மாத்திரை சுமாராகத்தான் விற்றது. ஆனாலும் கன்ஃபர்மேஷன் வந்தது. குற்றாலத்தில் கேப்டன் குதித்த வீடியோவைப் பார்த்து மும்பையில் ரொம்பச் சந்தோஷப்பட்டார்களாம்.

அடுத்த வருடம் மறுபடியும் அதே மதுரை ஹால். இந்தத் தடவை மலச்சிக்கல் மருந்து. விளக்கை அணைத்தார்கள். ரயில் ஊதியது. திரை விலகியதும் ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி போட்ட பெருங்குடல் ஒன்று பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டு வந்தது.

புதிதாகச் சேரும் பெண் ரெப்களுக்கு ஒன்று சொல்வேன். பையில் நீங்கள் தூக்கிக்கொண்டு அலையும் நோய் உங்களுக்கும் வரலாம். வந்தால், பையைக் கீழே வைத்துவிட்டு டோக்கன் எடுங்கள். வாயில் வார்த்தை வராவிட்டால் கைகாட்டினாலும் போதும்.

அன்று அந்த ஹாலில் முதலில் சிரித்தது நான்தான். மேனேஜர் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, உங்க சீரியஸ்னெஸ் எல்லாம் எங்க போச்சு?" என்றார். நாற்காலிக் கையைக்கூடப் பிடிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.