பச்சைச் சாறு

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஆள் கொஞ்சம் கனம். கூண்டின் மேல் ஏறி நின்று வேலை செய்யும்போது, "அண்ணே, பாத்து, இது சரக்கு லிஃப்ட் இல்ல" என்று கூட்டாளி கிண்டலடிப்பான். கையில் எந்நேரமும் பிசுக்கோடு திரிகிற அவனுக்குக் கிரீஸ் என்றே பேர் விழுந்திருந்தது. இருவரும் ஒரே பையில் ஸ்பானர்களைப் போட்டுக்கொண்டு வருடக்கணக்காக அலைந்தவர்கள்.

ஒருமுறை மூன்றாவது மாடிப்படியில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் காட்டியபோது எடையைக் குறைக்கச் சொன்னார்கள். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவர். மறுநாளே சாறு பிழியும் மெஷின் வீட்டுக்கு வந்தது. கட்டுக்கட்டாகப் பசலைக்கீரை, பச்சையாகவே அதில் போய் நசுங்கியது. சக்கை குப்பைக்கு. சாறு ஒரு ஜக்கு நிறைய, வெறும் வயிற்றில் அவருக்கு.

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "கீரைய வேகவெச்சுத் தரேன், சாப்பாட்டோட சாப்பிடுங்களேன். நாங்கள்லாம் அப்படித்தான சாப்பிடுறோம்?"

"வேகவெச்சா சத்து போயிடும்மா. இது நேரா ரத்தத்துல சேரும்."

எடை இறங்கியது. இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. பெருமை பிடிபடாமல் கிரீஸையும் இழுத்துவிட்டார். அவனுக்கும் ஒரு பாட்டில் நிரப்பி வேலைக்கு எடுத்துப் போனார்.

சில மாதங்களில் சோறு கண்டாலே குமட்டியது. கால் வீங்கி ஷூ நுழையவில்லை. உடம்பிலிருந்து கழிவு வெளியேறுகிறது என்று தானே சொல்லிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கீரை சேர்த்தார். சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று வாய் தவறிச் சொன்ன அன்று, மனைவி கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

கிட்னி இரண்டும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன. டாக்டரம்மா என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் அவர். மனைவிதான் ஜூஸைச் சொன்னாள்.

"கீரையில ஆக்சலேட்னு ஒண்ணு இருக்கு. வேகவெச்சுத் தண்ணிய வடிச்சா நிறைய போயிடும். பால், தயிரோட சாப்பிட்டா, மிச்சத்துல பாதி அதுல ஒட்டிக்கிட்டு மலத்தோட வெளிய வந்துடும். நீங்க பச்சையாப் பிழிஞ்சு, சக்கையத் தூக்கிப் போட்டு, வெறும் வயித்துல குடிச்சிருக்கீங்க. அது ரத்தத்துல கலந்து கிட்னியில படிகமாப் படிஞ்சிருக்கு. எல்லாருக்கும் இப்படி ஆகாது. உங்க உடம்பு தாங்கல."

மனைவி மருந்துச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

டயாலிசிஸ் மெஷினில் தன் ரத்தம் குழாயில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் கிரீஸ் நினைவுக்கு வந்தான். ஊசி குத்தாத கையால் போன் போட்டார்.

"டேய், அந்த ஜூஸ குடிக்காதடா. நாளைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணு."

"எனக்கு நல்லாத்தான்ணே இருக்கு. உங்களுக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான். வீட்லயே பிழிஞ்சு குடிக்கிறேன், பத்து கிலோ குறைஞ்சிருக்கேன், இப்பப் போய் விடச் சொல்றீங்க?"

அடுத்தடுத்த அழைப்புகளை அவன் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும், மனைவி தடுத்தும் கேளாமல், வீங்கிய காலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து அவன் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த கிரீஸ் அவர் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டான். அது ஊதிச் சாம்பல் பூத்திருந்தது.

"பாத்துக்கோ. இதுக்கு மேல என்னடா சொல்றது?"

அவன் டெஸ்ட் எடுத்தான். கிட்னி கெட ஆரம்பித்திருந்தது. உடனே நிறுத்தியதால் மெல்லத் தேறிவிடும் என்றார்கள். அன்று அவனே போன் செய்தான்.

"நீங்கதானண்ணே பாட்டில்ல ஊத்தி ஊத்திக் குடுத்தீங்க? என் பொண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வீங்க?"

அவன் வேறு ஆளோடு வேலைக்குப் போகத் தொடங்கினான்.

அவருக்குச் சில மாதங்களில் டயாலிசிஸ் நின்றது. கிட்னி பாதிக்கு மேல் திரும்பவில்லை. கூண்டின் மேல் ஏறக் கூடாது என்பதால், ஒரு கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் லிஃப்ட் புகார் எழுதிக்கொள்ளும் வேலை கிடைத்தது. பழுது பார்க்க அங்கே கிரீஸ் வருவதுண்டு. எந்த லிஃப்ட், என்ன கோளாறு என்று மட்டும் கேட்டுவிட்டு மேலே போய்விடுவான்.