கோயம்புத்தூர் போன மாமா

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒழுங்காகப் பொய் சொல்ல வராது. அப்பா பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அத்தையோ சொல்வதற்கு முன்பே சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். இப்படிப்பட்ட நாங்கள் ஒன்றுகூடி, தம்பி பிறப்பதற்கு முன்பு, அம்மாவிடம் ஒரு பெரிய பொய்யைச் சொல்லி அதைக் கட்டிக் காத்தோம். அதில் என் பங்கும் சின்னதில்லை.

அப்போது நாங்கள் ராஜபாளையத்தில், மில் சங்கு ஊதினால் ஜன்னல் அதிரும் தூரத்தில் குடியிருந்தோம். நான் நாலாம் வகுப்பு. அம்மாவுக்கு நிறைமாதம். அம்மாவின் தம்பியான மாமாவுக்கு அந்த மில்லில்தான் வேலை. ஷிப்ட் முடிந்ததும் தலையில் பஞ்சுத் தூசியோடு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். அக்காவிடம் காபி வாங்கிக் குடித்து, குழம்பில் உப்பில்லை என்று ஒரு குறையும் சொல்லிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார்.

ஒருநாள் அவர் வரவில்லை. சிநேகிதரின் மொபெட்டை வாங்கிக்கொண்டு போனவரைக் கிருஷ்ணன்கோவில் பக்கம் லாரி இடித்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார் என்று மில்லிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, நல்லவேளையாக வாசலில் நின்றது அத்தை. அப்பாவின் அக்காவான அவள்தான் எங்கள் வீட்டுக்கு மந்திரி, தளபதி எல்லாம்.

"இது மட்டும் அவ காதுல விழுந்துச்சு, ரெண்டு உசுருல்லா போயிரும்" என்று என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "மூச்சு விடப்படாது. என்னட்டி, வெளங்குதா?"

அத்தையின் பயத்தில் நியாயம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவின் அப்பா இறந்தபோது, செய்தி கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்று போட்டு உடைத்துவிட்டார். அம்மா நின்ற இடத்திலேயே சரிந்தாள். வயிற்றிலிருந்த பிள்ளை தங்கவில்லை. அதனால்தான் இந்த முறை டாக்டரம்மா, மனதில் எந்த அதிர்ச்சியும் கூடாது என்று அப்பாவைத் தனியே கூப்பிட்டு எச்சரித்திருந்தார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அப்பாவை அத்தை கொல்லைப்புறத்தில் மறித்தாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்குள் ஆஸ்பத்திரித் தீட்டோடு வரக்கூடாது, தலையோடு ஊற்றிக்கொண்டு வா என்றாள். கலங்கிப் போயிருந்த அப்பா போட்டிருந்த வேட்டி சட்டையோடு தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார். பிறகு உலர்ந்த வேட்டி கட்டி உள்ளே வந்து, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"மில்லுல புது மிஷின் வருதாம். பழகிட்டு வரச் சொல்லி ஒன் தம்பியக் கோயம்புத்தூருக்கு அனுப்பிட்டாக. சொல்லிட்டுப் போக நேரமில்லயாம்."

காது இரண்டும் பழுத்த மிளகாயாக இருந்தது. அம்மா அப்பாவையே செத்த நேரம் பார்த்தாள். பிறகு, "அப்படியா" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். நம்பிவிட்டாள் என்று நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் கதவு தட்டும் சத்தம் கேட்டாலே நான் அத்தையைக் கூப்பிட ஓடுவேன். தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். வருகிறவர்களை அத்தை வாசலிலேயே வழிமறித்துத் திருப்பி அனுப்பினாள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவள் போகும் இடமெல்லாம் போனேன். மாமாவைப் பற்றி டாக்டர்கள் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை என்று அப்பா அத்தையிடம் கிசுகிசுப்பதைக் கேட்டுவிட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு அம்மாவிடம் ஓடுவேன். கோயம்புத்தூரில் மாமா தங்கியிருக்கும் இடத்தில் லிப்ட் இருக்கிறது என்றுகூட அளந்துவிட்டேன்.

எவ்வளவு காவல் இருந்தும் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா ஒருநாள் பின்வாசல் வழியாக வந்துவிட்டார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மீ தம்முடு..." என்று ஆரம்பித்தார். தம்முடு என்றால் தம்பி என்று எனக்கே தெரியும். அத்தை கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் உறைந்து நின்றாள்.

"ஆமாம்மா" என்று அம்மா அவசரமாகக் குறுக்கிட்டாள். "கோயம்புத்தூர் போயிருக்கான். மில்லுல அனுப்பிச்சிருக்காக. வர நாளாகும்."

அந்த அம்மா வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒரே பெருமை. நாங்கள் சொன்ன பொய் எவ்வளவு கெட்டியாக இருந்தால் அம்மாவே அதை ஊருக்குச் சொல்லுவாள்!

அம்மா சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். டாக்டரம்மா சொன்னபடி நடந்தாள். அத்தை வாங்கிவரும் பூவை மட்டும் தலைவலி என்று சொல்லி என் தலையில் வைத்துவிட்டாள். மாமா வரும் நேரத்துக்குச் சங்கு ஊதினால் துவைக்கிற கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடுவாள். "பாப்பா, பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு? சிரிக்கிற மாதிரி எதாச்சும் சொல்லேன்" என்பாள். நான் டீச்சர் மாதிரி நடந்து காட்டுவேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள்.

மாமா கண் விழித்த அன்று அப்பா சந்தோஷம் தாங்காமல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கி வந்துவிட்டார். என்ன விசேஷம் என்று அம்மா கேட்கவில்லை. கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எதிரிலேயே நிற்கவும் ஒரு விள்ளல் வாயில் போட்டு, மருந்து விழுங்குவது போல விழுங்கினாள். எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. அந்தப் பால்கோவா எவ்வளவு ருசி!

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். அம்மா வீட்டுக்கு வந்து, உடம்பு கொஞ்சம் தேறியதும் பக்குவமாகச் சொல்லலாம் என்று அத்தை திட்டம் போட்டிருந்தாள். அத்தையின் திட்டத்துக்கெல்லாம் மாமா என்றைக்குக் கட்டுப்பட்டார்? காலில் மாவுக்கட்டும் கக்கத்தில் கட்டையுமாக ஒரு சாயங்காலம் வாடகைக் காரில் வந்து இறங்கிவிட்டார்.

அத்தை ஓடிப்போய் அம்மாவின் முன்னால் நின்று மறைத்தாள். "பதறாத தாயி, ஒண்ணுமில்ல, சின்ன அடிதான்..."

அம்மா அத்தையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மாமாவின் முகத்தை, கழுத்தை, கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். அப்புறம் அவள் போட்ட சத்தத்தில் தம்பி வீறிட்டு அழுதான்.

"ஏலே, உசுரோடயா இருக்க! நீ செத்துப் போய்ட்டேன்னுல்லடா நெனச்சிட்டிருந்தேன்!"

"யாரு சொன்னா ஒனக்கு?" என்று அத்தை பதறினாள்.

"யாரு சொல்லணும் மதினி? கொல்லையில அவிய வேட்டி சட்டையோட தலை முழுகுனத அடுப்படியிலருந்து பாத்தேனே. எளவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தவுகதான அப்படி முழுகுவாக? பொறவு தெனமும் ஓடுனதெல்லாம் கருமாதி வேலைக்குன்னு நெனச்சேன்."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா தாயி?" என்றாள் அத்தை.

"கேட்டா நீங்க சொல்லிருவீக. சொல்லிட்டா நான் அழணும். அழுதா இவன் தங்குவானான்னு தெரியலயே மதினி."

அத்தை அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அத்தை அழுது நான் பார்த்ததே இல்லை. மாமா வந்துவிட்டார், தம்பி இருக்கிறான், அம்மாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை, பிறகு எதற்கு அழுகை என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் போய் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். பொய் பிடிபட்டுவிட்டால் பெரியவர்களுக்கும் அழுகை வரும்போல என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.